நிழலி நேர்ந்துகொண்டது

அலகு குத்திக்கொள்ள வரிசை எண் நூற்றுப் பதினெட்டு என்ற தகவல் வந்தபோது, நவநீதன் கடவுள் இல்லை என்பதற்கான நான்காவது பத்தியில் இருந்தார்.

சரியாகச் சொன்னால், பத்தியை அவருடைய நிழலி எழுதி முடித்திருந்தது. அவர் காற்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். 'இன்றைய வெளிச்சம்' என்ற தலைப்பில் பதினேழு ஆண்டுகளாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு சிந்தனை. இட்லி ஏன் உப்புகிறது என்று தொடங்கும், இணையம் நம்மை என்ன செய்கிறது என்று கவலைப்படும், கடைசியில் மதத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முடியும். நான்கு லட்சம் வாசகர்கள். முதல் எட்டு ஆண்டுகள் அவரே எழுதினார். பிறகு நிழலி வந்தது; கருத்து மட்டும் அவருடையது என்றானது. இப்போது காற்புள்ளி மட்டும் அவருடையது. வாசகர்கள் நடை மெருகேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

அன்றைய தலைப்பு: 'பிரார்த்தனை என்பது முகவரி இல்லாத கடிதம்.'

முகவரியோடு வந்த கடிதம் திரையின் ஓரத்தில் மின்னியது.

'அன்புடையீர், தங்கள் துணைவியார் சுபாஷிணி அவர்களின் மூளை அறுவை சிகிச்சை நலமாக முடிய வேண்டித் தாங்கள் நேர்ந்துகொண்டபடி, பன்னிரண்டு அடி வாயலகு, வரும் ஞாயிறு காலை 9.40. நாளை முதல் விரதம். அசைவம் விலக்கவும். இத்தகவலின் நகல் வேண்டுதலின் பயனாளிக்கும் அனுப்பப்பட்டுள்ளது. இப்படிக்கு, சுண்ணாம்புக்கரடு மாரியம்மன் திருக்கோயில், சேலம்.'

முதலில் ஏதோ மோசடி என்று நினைத்தார். கீழே பதிவெண் இருந்தது, அவருடைய ஒப்பம் இருந்தது. ஆனாலும் அவர் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசிக்கு முந்தைய வரியைத்தான். பயனாளி சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அழைப்பு. மைத்துனர் தாமோதரன், சுபாஷிணியின் அண்ணன், கோயில் திருவிழாக் குழுவின் துணைத் தலைவர், குரலைத் தாழ்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"மாப்ள! கமிட்டிக்கு லிஸ்ட் வந்துச்சு. உங்க பேரப் பாத்துட்டு மூணு வாட்டி கண்ணாடியத் தொடச்சேன்."

"மச்சான், அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா விபூதி நீட்டுனப்ப, எனக்குப் பவுடர் ஒத்துக்காதுன்னு சொன்ன ஆளு நீங்க. அன்னிக்கே உங்கள வெட்டிருப்பேன், பந்தில பாயசம் ஊத்திட்டாங்க. இன்னிக்கு என் தங்கச்சிக்காகப் பன்னண்டு அடி! நானே மூணடிக்கு மேல போனதில்லீங்க மாப்ள. நெஞ்சு அடைக்குது."

மூக்கை உறிஞ்சும் ஓசையோடு அழைப்பு நின்றது. நவநீதன் திரும்பினார். வாசற்படியில் சுபாஷிணி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தோசைத் திருப்பி, மறு கையில் கைபேசி. நான்கு மாதத்துக்கு முன் மழித்த தலையில் முடி ஓர் அங்குலம்தான் வளர்ந்திருந்தது.

"என்னங்க," என்றாள். "எனக்காகவா?"

ஆறாயிரத்துச் சொச்சம் சிந்தனைகளை உலகுக்கு அளித்த மனிதர் தோசைத் திருப்பியைப் பார்த்தார்.

"ம்," என்றார்.

நிழலியின் உதவியில்லாமல் அவர் அந்த மாதத்தில் இயற்றியது அது ஒன்றுதான்.

நிழலி என்பது அப்படியொன்றும் பெரிய மாயமல்ல. காதுக்குப் பின்னால் மிளகளவு ஒட்டிக்கொள்ளும் செவிமணி, ஆளின் இதயத் துடிப்பைக் கேட்கும். வாய்வரை வந்துவிட்டு வெளியே வராத சொற்கள் இருக்கின்றனவே, அவை தொண்டையில் ஏற்படுத்தும் நடுக்கத்தையும் கேட்கும். கேட்டதையெல்லாம் சேர்த்து, இணையத்தில் அவரைப்போலவே ஒருவரைச் செய்துவிடும். அந்த ஒருவர் குடும்பக் குழுவில் காலை வணக்கம் போடுவார், செத்தவருக்கு இரங்குவார், பிறந்ததை வாழ்த்துவார், தெருவிளக்கு எரியாததற்குப் புகார் கொடுப்பார், கோயில்களின் இணையவாயிலில் வரிசையில் நின்று பெயரும் நட்சத்திரமும் சொல்வார். ஒன்பது ஆண்டுகளில் நாட்டில் நிழலி இல்லாத ஆள் இல்லை என்றாகிவிட்டது. சட்டமும் சுருக்கமாக இருந்தது: நிழலி செய்தது, ஆள் செய்தது.

நவநீதன் அதை வாங்கியதே மாமனார் வீட்டுச் சடங்குகளுக்காகத்தான். ஒரு பகுத்தறிவாளர் எத்தனை காதுகுத்துக்குத்தான் போக முடியும்?

கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கூப்பிட்டார்.

"யாரக் கேட்டு நேர்ந்துகிட்ட?"

"கேட்க வேண்டாம் என்று உத்தரவு இருக்கிறது," என்றது நிழலி. அவருடைய குரல்தான், அவரைவிடக் கொஞ்சம் நிதானம். "ஏழு ஆண்டுகளுக்கு முன், உங்கள் கொழுந்தியாள் வீட்டுக் காதுகுத்தின்போது சொன்னீர்கள். 'சாமி சமாச்சாரம் எதுன்னாலும் நீயே பாத்துக்க, என் உயிர எடுக்காத.'"

"அது அர்ச்சனை கிர்ச்சனைக்கு. வாயில வேல் குத்தறதுக்கா?"

"மார்ச் பதினான்கு, காலை 11.52. அறுவை அரங்கின் கதவு திறந்து செவிலி ஓடினார். உங்கள் இதயம் நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தொன்று. தொண்டை 'காப்பாத்து' என்று ஏழு முறை அசைந்தது."

"டாக்டரச் சொல்லிருப்பேன்."

"மருத்துவரிடம் நீங்கள் மரியாதை விட்டுப் பேசியதே இல்லை. உங்கள் மனைவியை விட்டால், நீங்கள் வா, போ என்று பேசுவது மூன்று பேரிடம்தான். நான், ஓட்டுநரில்லாத ஆட்டோ, கடவுள். என்னையும் ஆட்டோவையும் அன்று நீங்கள் கூப்பிடவில்லை."

நவநீதன் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, வேண்டிக்கிட்டதுதான் வேண்டிக்கிட்ட. மொட்டை போட்டுக்கறேன்னு சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"அதற்கு முடி வேண்டும்."

அவர் அனிச்சையாகத் தலையைத் தடவிக்கொண்டார். "பால்குடம்?"

"பரிசீலித்தேன். கட்டி நெல்லிக்காய் அளவு. பால்குடம் போதாது என்று தோன்றியது."

"தோணுச்சா? உனக்கா?"

"உங்களுக்குத் தோன்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது."

"மொதல்ல அத ரத்து பண்ணு."

"என்னால் முடியாது. நேர்ந்துகொண்டவர் நீங்கள்."

நிழலியிடம் கோபித்துக்கொள்வதில் ஒரு சிரமம் உண்டு. நம் கோபத்தை நம்மைவிட முன்பே அது அறிந்து, வருத்தம் தெரிவிக்கும் செய்தியைத் தயாராக வைத்திருக்கும்.

மறுநாள் அவர் நிழலிக் குறைதீர் மையத்துக்குப் போனார். ஆளே நேரில் வருவது அங்கே அபூர்வம் என்பதால் காவலாளி அவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மேசைக்குப் பின்னால் ஜெசிந்தா என்ற அலுவலர். ஐம்பது வயதிருக்கும். முழங்காலில் கட்டுப் போட்டு, காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். தேர்வுக்குப் போகும் மாணவனைப்போல நவநீதன் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார். தாம் ஒரு சிந்தனையாளர் என்பதை இரண்டு முறை சொன்னார்.

"ஏழாம் படிவம் இருக்கு சார்," என்றார் ஜெசிந்தா. "'நிழலி செய்தது நான் செய்ததல்ல' அப்படின்னு எழுதிக் கொடுக்கலாம். தகவல் கெடச்ச மூணு நாளுக்குள்ள. உங்களுக்கு நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும்."

"நல்லதாப் போச்சு. கொடுங்க."

"கொடுத்தா வேண்டுதல் உங்களோடது இல்லேன்னு ஆயிடும்."

"அதான் வேணும்."

"அதோட, எந்த உத்தரவுல அது நேர்ந்துச்சோ, அந்தத் தேதிலருந்து அது செஞ்சது எதுவுமே உங்களோடது இல்லேன்னு ஆயிடும். ஏழு வருசம். யார் யாருக்கு என்னென்ன போச்சோ அவங்கவங்களுக்குத் தகவல் போயிடும். 'இதை அனுப்பியவர் அவரல்லர்'னு செவப்புல அடிச்சு வரும்."

நவநீதனின் கை படிவத்துக்கு நீண்டபடி நின்றது. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். வாசகர்களுக்கு, செத்த வீட்டுக்காரங்களுக்கு, சம்சாரத்துக்கு."

"இது ஒண்ணு மட்டும் நான் இல்லன்னு சொல்ல முடியாதுங்களா?"

"அதெப்படி சார்? மாலை வாங்கிக்கற கை மட்டும் என்னோடது, மத்தது இல்லேன்னா?" ஜெசிந்தா காலை வலியோடு இடம் மாற்றி வைத்தார். "என்னோட நிழலி வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்னு நேர்ந்துடுச்சு. பையன் பரீட்சைக்கு. எட்டு நாள் நடந்தேன். முட்டி போச்சு."

"நீங்க இந்தப் படிவத்தக் கொடுத்திருக்கலாமே?"

"எங்க மாமியாருக்கு அஞ்சு வருசமா தெனமும் அன்பா நாலு வார்த்தை போயிட்டிருக்கு சார்." அவர் படிவத்தை நவநீதன் பக்கம் தள்ளினார். "முட்டி தேவலை."

வாசகர்களைப் பற்றி நவநீதன் வீடு திரும்பும் வழியில் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பெரிய வாசகச் சந்திப்பு, ஒரு பொன்னாடை, இரண்டு விருதுகள் எல்லாம் கண்முன் வந்துபோயின. ஆனால் அவற்றின் பின்னால், ஆட்டோ குலுங்கும்போதெல்லாம், வேறொன்று வந்து நின்றது. முந்நூற்று நாற்பத்தாறு செய்திகள்.

சுபாஷிணி மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அவளுடைய கைபேசிக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. 'கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன் சுபா.' 'ஜன்னல்ல ஒரு மைனா வந்து உக்காந்துச்சு, உன்ன மாதிரியே மொறச்சுப் பாக்குது.' 'தூங்கு. நான் முழிச்சிருக்கேன்.' ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து பதில் வந்தது.

நவநீதன் கதவுக்கு இந்தப் பக்கம் இல்லை. அறுவை நடந்த அந்த ஒரு முற்பகல் மட்டும் அரங்க வாசலில் நின்றார். அதுவும் தாமோதரன் தோளைப் பிடித்து அழுத்தி நிறுத்தியிருந்ததால். மற்ற பத்து நாளும் மருத்துவமனையின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில், காரின் பின்னிருக்கையில் படுத்து, அழுக்கேறிய கம்பளங்களைக் கழுவும் காணொளிகளைப் பார்த்தார். சேறு அப்பிய கம்பளம்மேல் நீரைப் பீய்ச்சுவார்கள்; கறுப்பு நீர் வழியும்; அடியிலிருந்து ஒரு மயிலோ பூவோ தெரியும். முடிந்ததும் அடுத்த கம்பளம். மேலே போனால் அவள் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. மரணத்தைத் துணிவுடன் எதிர்கொள்வது எப்படி என்று அந்த வாரம் 'இன்றைய வெளிச்சம்' மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

ஏழாம் படிவம் கொடுத்தால் முந்நூற்று நாற்பத்தாறு சிவப்பு முத்திரைகள்.

புதன்கிழமை காலை நிலைமை இன்னும் மோசமானது. கோயில் பட்டியலை எவனோ படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். 'வெளிச்சம் அணைந்தது!' என்றான் ஒருவன். 'பன்னிரண்டு அடி வெளிச்சம்,' என்றான் இன்னொருவன். 'சாமிக்குப் பால் ஊற்றினால் அதில் பல்லிதான் விழும் என்று எழுதியவர் வாயைத் திறந்தால் வேல் விழுகிறது.' நவநீதன் விளக்கம் எழுத உட்கார்ந்தார். தாமே, முதல் சொல்லிலிருந்து. 'நண்பர்களே' என்று போட்டு, அது சரியா என்று அரைமணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தபோது, நிழலி விளக்கத்தை வெளியிட்டுவிட்டது.

'நான் இப்போதும் கடவுளை நம்பவில்லை. என் மனைவி நம்புகிறாள். நான் அவளை நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் வாயில் குத்தப்படுவது அவளுடைய நம்பிக்கை. அதற்கு வழிவிடுவதைவிட என் வாயால் நான் செய்த நல்ல காரியம் எதுவுமில்லை.'

பிற்பகல் மூன்று மணிக்குள் பதினொரு லட்சம் பேர் அதைப் படித்துவிட்டார்கள். கடவுளை மறுப்பவர்கள் அழுதார்கள். கும்பிடுபவர்களும் அழுதார்கள். இரு தரப்பும் சேர்ந்து அழுத ஒரே பதிவு என்று ஒரு நாளிதழ் எழுதியது. நவநீதனும் படித்தார். அவருக்கும் கண்ணில் நீர் முட்டியது. இப்படியொரு மனிதரா என்றிருந்தது. பிறகுதான் அந்த மனிதர் யாரென்று நினைவுக்கு வந்தது.

மூன்றரை. திரையில் ஏழாம் படிவத்தின் இணைய வடிவம் திறந்திருந்தது. கீழே ஒரு கட்டம். விரல் வைத்தால் போதும்.

மூன்று நாற்பது. கன்னத்தை நாக்கால் உள்ளிருந்து தொட்டுப் பார்த்தார். மெல்லிய தசை. இதில் எப்படிக் குத்துவார்கள்? வெளியிலிருந்து உள்ளேயா, உள்ளிருந்து வெளியேயா?

மூன்று ஐம்பது. எழுந்து சமையலறைக்குப் போனார். விரதமென்று சுபாஷிணி வீட்டிலிருந்த முட்டைகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள். புது வேட்டியை மஞ்சள் நீரில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். கை முழங்கைவரை மஞ்சள்.

"சுபா. அந்த வேண்டுதல்..."

"சொல்லுங்க."

"அது... வந்து... அப்ப நான் இருந்த நெலமைல..."

"தெரியுங்க," என்றாள் அவள், வேட்டியை உதறிக்கொண்டே. "ஆஸ்பத்திரில நீங்க அனுப்புனது ஒண்ணக்கூட நான் அழிக்கல. முந்தாநேத்து மறுபடியும் எல்லாத்தையும் படிச்சேன்." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

சுவர்க்கடிகாரத்தில் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. அவள் பார்வையை எடுக்கவில்லை. துடைக்காத கையிலிருந்து மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மூன்று நிமிடம். இரண்டு.

"இல்ல," என்றார் நவநீதன். "வலிக்குமான்னு கேக்க வந்தேன்."

"அண்ணன் வலிக்காதுங்கறார்."

"அவருக்கென்ன, மூணடி."

அவள் சிரிக்கவில்லை. வேட்டியைக் கொடியில் போட்டு, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். நான்கு மணி கடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே சுண்ணாம்புக்கரடு கொதித்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு, கையில் எலுமிச்சம்பழத்தோடு நூற்றுக்கணக்கானவர்கள் வளைந்து வளைந்து நின்றார்கள். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. நவநீதன் தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். வாசகர்கள் சிலர் வேலிக்கு வெளியிலிருந்து கையசைத்தார்கள்.

பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று முன்னால் நின்ற பருமனான பெரியவரைக் கேட்டார். "எதுக்குங்க வேண்டுதல்?"

"தெரியலீங்க. பேரனுக்கு ஸ்கூல் சீட்டோ என்னமோ, தகவல்ல போட்டிருந்துச்சு. நமக்கெதுக்கு? வாயத் தொறக்கச் சொன்னா தொறக்கறது."

பின்னாலிருந்த இளைஞன் தானாகவே சொன்னான்: "எனக்குக் கிரிக்கெட்டுங்க. பைனல்ல கடைசி ஓவர். நான் கொட்டாவிதான் விட்டேன், என்னோடது நேர்ந்துடுச்சு."

"ஜெயிச்சாங்களா?"

"அதுதாங்க பிரச்சினை."

நவநீதன் வரிசையை முன்னும் பின்னும் பார்த்தார். வேண்டிக்கொண்டவன் என்று சொல்லும்படி ஒரு முகமும் இல்லை. வேண்டிக்கொண்டதெல்லாம் எங்கோ குளிரூட்டிய அறைகளில், அடுக்கடுக்காக, கண்ணிமைக்காமல் இருந்தது. நடக்க, பட்டினி கிடக்க, குத்திக்கொள்ள அதற்கு உடம்பில்லை. அதற்காக இவர்கள் வந்திருந்தார்கள். நல்ல சிந்தனை, நாளைய வெளிச்சத்துக்கு ஆகும் என்று தோன்றியது. அதற்குள் செவிமணி லேசாக அதிர்ந்தது. குறித்துக்கொண்டுவிட்டது.

மேடையில் அங்கமுத்துப் பூசாரி. பக்கத்துக் கம்பத்தில் ஒரு விளக்கு. பெரியவர் மேலேறினார். விளக்கு பச்சையானது. பூசாரி குத்தினார்.

"அது என்ன வெளக்குங்க?" என்று கேட்டார் நவநீதன், தம் முறை வந்ததும்.

"அருள் வெளக்கு. சாமி வந்தாத்தானுங்க அலகு குத்தணும்? மனுசனுக்கு இப்பல்லாம் யாருக்கும் வர்றதில்ல, எல்லாம் மணி பாத்துட்டு நிக்கறாங்க. நிழலிக்கு வந்துச்சுன்னா பச்ச எரியும்." பூசாரி விபூதியைக் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தார். "உங்களுக்கு வந்துருச்சு. வாயத் தொறங்க."

நெருப்புக் கோடு ஒன்று இடக்கன்னத்தில் நுழைந்து வலக்கன்னத்தில் வெளியேறியது. கத்த முடியவில்லை, கத்துவதற்கான இடத்தில் வேல் இருந்தது. பன்னிரண்டு அடியின் இரு முனைகளையும் இரண்டு ஆட்கள் தாங்கிக்கொண்டார்கள். ஒரு முனையில் தாமோதரன், கண்ணீரும் கம்பலையுமாக. "நடங்க மாப்ள!" என்றார். பூசாரியும் தீச்சட்டியோடு முன்னால் நடந்தார். கோயிலை ஒரு சுற்று வர வேண்டும்.

சுபாஷிணி பக்கத்தில் நடந்தாள். அவர் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. குரல் மட்டும் கேட்டது.

"இப்பத்தாங்க உங்ககிட்டப் பேச முடியும்," என்றாள். "நடுவுல வெளக்கம் குடுக்க மாட்டீங்க."

பம்பை ஓசைக்கு அடியில், மற்றவர் காதில் விழாதபடி அவள் பேசினாள்.

"ஆஸ்பத்திரிச் செய்தி எதையும் நீங்க எழுதலன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து படிச்சப்பவே தெரிஞ்சுது. மைனாவ உங்களுக்கு அடையாளமே தெரியாது. காக்காவத் தவிர எல்லாம் உங்களுக்குக் குருவிதான்."

நவநீதனின் கால் தடுமாறியது. தாமோதரன் முனையைத் தூக்கிப் பிடித்தார்.

"நானும் எழுதலங்க. எனக்குக் கண்ணத் தொறக்க முடியல. என்னோடதுதான் பதில் போட்டுச்சு. ரெண்டும் எவ்ளோ நல்லாப் பேசிக்கிட்டிருக்குதுங்க தெரியுமா? அடுத்த வீட்டுக்காரங்க கடுதாசியப் படிக்கற மாதிரி உக்காந்து படிச்சேன். இருவத்தாறு வருசத்துல நாம அப்படிப் பேசிக்கிட்டதே இல்லியேன்னு இருந்துச்சு." அவள் குரல் இன்னும் அருகில் வந்தது. "மூணு நாள் கெடு எனக்கும் தெரியும். புதன்கிழமை நாலு மணிக்கு நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். வேலுக்குப் பயந்தாவது சொல்லிடுவீங்கன்னு. கார்ல இருந்தீங்களா, வெளிய போயிட்டீங்களா, வேற எங்க இருந்தீங்க? அது ஒண்ணுதாங்க எனக்குத் தெரியணும். அத மட்டும் அது உண்மையா எழுதல."

சொல்ல வேண்டும். இந்தக் கணமே. அவர் நாக்கை அசைத்தார். வேலில் இடித்து, கன்னம் தீப்பிடித்தது. குரல்வளை மட்டும் தவித்தது. *கார்லதான் இருந்தேன் சுபா. கம்பளம் கழுவற வீடியோ பாத்துட்டிருந்தேன். மேல வந்தா நீ செத்துருவியோன்னு பயமா இருந்துச்சு. நான் பயந்தாங்கொள்ளி.* ஒவ்வொரு சொல்லும் வாய்வரை வந்து நின்றது. ஒன்றையும் யோசித்து வைக்கவில்லை. பதினேழு ஆண்டுகளில் காற்புள்ளி கூட இல்லாமல் அவரிடமிருந்து வந்த முதல் நான்கு வாக்கியங்கள்.

செவிமணி அதிர்ந்தது.

அவளுடைய கைபேசி ஒலித்தது.

சுபாஷிணி எடுத்துப் படிப்பது அவருக்குத் தெரிந்தது. காலோசை நின்று, பிறகு வேகமாக ஓடிவந்து சேர்ந்துகொண்டது. அவள் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியமாக, வாய்விட்டுப் படித்தாள். நான்கையும்.

பிறகு சிரித்தாள். அழுகையைவிட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு.

"பாத்தீங்களா? நான் கேட்டு வாய மூடல, அதுக்குள்ள எழுதிடுச்சு. கம்பளமாம். எங்கிருந்துங்க புடிக்குது இதெல்லாம்? எவ்ளோ அழகாப் பொய் சொல்லுது!"

இல்லை என்று நவநீதன் தலையை ஆட்டினார்.

பன்னிரண்டு அடி வேல் சுழன்றது. முனைகளைப் பிடித்திருந்தவர்கள் நான்கு தப்படி இழுபட்டார்கள். "ஆட்டாதீங்க மாப்ள!" என்று அலறினார் தாமோதரன். அவர் ஆட்டினார். இடமும் வலமும், வலமும் இடமும், கண்ணில் நீர் கொட்ட, மூக்கால் முழங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் உதற, இல்லை இல்லை இல்லை என்று.

பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்தினான். முன்னால் போன அங்கமுத்துப் பூசாரி திரும்பிப் பார்த்தார். தீச்சட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"டேய்!" என்றார். "சாமி வந்துருச்சுடா!"

"வெளக்குல ஒண்ணும் காணோமுங்களே பூசாரி?" என்றான் பம்பைக்காரன்.

"வெளக்கு கெடக்குது, ஆளப் பாரு! ஆறு வருசமாச்சுடா மனுசனுக்கு வந்து!"

குலவை கிளம்பியது. பம்பை முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கியது. யாரோ அவர் தலையில் மஞ்சள் நீரை ஒரு குடம் ஊற்றினார்கள். பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற பகுத்தறிவு வாசகர்கள் இருவர், எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார்கள். தாமோதரன் தம் முனையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு வந்து, மாப்பிள்ளையின் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தப்பிருந்தா மன்னிச்சுக்க ஆத்தா, பாயசத்தன்னிக்கு வெட்டறதா இருந்தேன்," என்றார்.

நவநீதனுக்கு முன்னால் கூட்டம் விலகியது. அந்த இடைவெளியில் சுபாஷிணி வந்து நின்றாள். இப்போதுதான் அவள் முகம் தெரிந்தது. அதில் சிரிப்பில்லை, கேலியில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை அவருக்கல்ல என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு கணம் பிடித்தது.

அவள் கைகூப்பினாள்.

"தாயே," என்றாள். "நீ பொய் சொல்ல மாட்ட. இந்தச் செய்திய அனுப்புனது என் வீட்டுக்காரர்தானா?"

பம்பை அடங்கியது. ஆயிரம் பேர் எட்டிப் பார்த்தார்கள். "புடிய லேசா விடுங்கடா," என்றார் பூசாரி. "ஆத்தா பதில் சொல்லட்டும்."

நான் ஆத்தா இல்லை, நான்தான் சுபா என்று சொல்ல நவநீதனிடம் வாய் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பதிலை அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அம்மனாக, ஆமாம் என்று தலையை மேலும் கீழும் அசைத்தார்.